நிறுத்தி வைத்த மோட்டார்

கல்யாணம் முடிந்து விருத்தாசலம் வந்த அன்று, என் கணவர் வீட்டுக்குள் போன வழியும் நான் போன வழியும் வேறு வேறு. என்னை முன்வாசல் படியேற்றி, ஆரத்தி சுற்றி, உள்ளே கூட்டிப் போனார்கள். அவர் பக்கத்து ஷெட்டு வழியாக வந்து, கூடத்தில் எனக்காகக் காத்திருந்தார். மழை பிடித்தால் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் என்று மாமனார் வீட்டை உயர்த்திக் கட்டியிருந்தார். கட்டி முடித்த பிறகுதான் மகனுக்குப் போலியோ வந்தது. இடது கால் சூம்பிப்போய், இரும்பும் தோலும் சேர்ந்த காலிப்பர் போட்டு, கையில் ஊன்றுகட்டையோடு நடப்பார். அத்தனை படி அவரால் ஏற முடியாது. ஷெட்டிலிருந்து கூடத்துக்குச் சரிவாகச் சிமென்ட் பூசியிருந்தார்கள். அதுதான் அவருக்கு வாசல்.

அவர் செராமிக் தொழிற்பேட்டையில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு சின்ன யூனிட் வைத்திருந்தார். மின்கம்பத்திலும் வீட்டு மீட்டர் பலகையிலும் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்தார்கள். சாயங்காலம் வரும்போது சட்டை, தலைமுடி, புருவம் எல்லாம் வெண்மண் படிந்திருக்கும். பக்கத்தில் இரண்டு சக்கரம் சேர்த்த ஸ்கூட்டர் அவருடையது. சரக்கை வைக்கோலில் சுற்றி எங்கள் ஷெட்டில்தான் அடுக்கி வைப்பார்கள். அதனால் ஷெட்டு எப்போதும் பூட்டியிருக்க வேண்டும்.

அப்போது அங்கே பழைய இரும்பு ஷட்டர் இருந்தது. அதைக் குனிந்து தூக்க இரண்டு காலும் வேண்டும். நான் கம்மாபுரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலை பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம்தான் திரும்புவேன். பகலில் வீட்டில் வேறு ஆள் இல்லை. அவர் எனக்கு முன்னால் வந்துவிடுவார். வந்து தெருவில் நின்று ஹாரன் அடிப்பார். எதிர் டீக்கடையிலிருந்து யாராவது எழுந்து வந்து தூக்கிவிடுவார்கள். யாரும் முகம் சுளித்ததில்லை. அவருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"சொந்த வூட்டுக்குள்ள போவறதுக்கு ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கறன், டீச்சர்" என்று ஒருநாள் சொன்னார். என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கேலியாக ஆரம்பித்தது, அப்படியே நின்றுவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய தம்பி சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தார். அங்கே கட்டடப் பராமரிப்பு வேலை. ஏதோ ஒரு பங்களாவை இடிக்கும்போது கழற்றிப் போட்ட கார் ஷெட்டு மோட்டாரைக் கேட்டு வாங்கி, மரப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். கூரையில் தொங்கவிடுகிற ஒரு பெட்டி, ஒரு நீளமான தண்டவாளம், அதில் ஓடுகிற சங்கிலி, கையடக்கமான ரிமோட். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் இரண்டு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஷட்டரை எடுத்துவிட்டு ஒரே தகட்டில் மேலே சாய்ந்து ஏறுகிற கதவு ஒன்று செய்தார். இரண்டு பக்கமும் நீளமான ஸ்பிரிங்குகள். கதவின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங்கு, மோட்டார் சும்மா இழுக்கத்தான் என்று கொழுந்தனார் அவருக்குச் சொன்னார். அறுந்தால் தெறித்து யார் மேலும் படாமல் இருக்க, ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நடுவிலும் ஒரு இரும்புக் கம்பிக்கயிறு கோத்துக் கட்டினார்கள்.

முதல் தடவை ரிமோட்டை அமுக்கியபோது தெருவே கூடி நின்றது. கதவு மெல்ல ஏறியது. அவர் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே உள்ளே போனார். யாரும் அவருக்காகக் குனியவில்லை. உள்ளே போய்க் கதவை இறக்கிக்கொண்டார். வெளியே நின்ற எங்களை மறந்துவிட்டார் போலிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்து, "உள்ள வாங்களேன்" என்றார். அவ்வளவு சிரிப்பாக அவர் முகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கொழுந்தனார் ஊருக்குப் போகுமுன் சொல்லிக் கொடுத்த பராமரிப்பை அவர் ஒரு விரதம் போலக் கடைப்பிடித்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்கு. முதலில் கதவை மூடிவைத்துப் பிளக்கைப் பிடுங்குவார். சங்கிலியையும் உருளைகளையும் துணியால் துடைத்து எண்ணெய் விடச் சொல்வார். ஸ்பிரிங்கை மட்டும் தொடக்கூடாது. அதற்குள் இழுபட்டுக் கிடக்கிற வலு கையை முறித்துவிடும் என்பார். பிறகு நான் மோட்டாரிலிருந்து தொங்குகிற சிவப்புக் கயிற்றை இழுத்துக் கதவை விடுவித்து, கையால் பாதி உயரம் தூக்கி விட்டுவிட வேண்டும். கதவு அந்தரத்தில் அப்படியே நின்றால் ஸ்பிரிங்கு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கடைசியாகக் கரண்டைக் கொடுத்து, வாசலில் ஒரு பலகையைப் போட்டு, கதவை இறக்குவார். பலகையில் பட்டதும் கதவு தானாகத் திரும்பி மேலே போக வேண்டும். போகும். "சரி டீச்சர், டீ போடுங்க" என்பார். அதோடு முடிந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பக்கத்து வீட்டில் இரண்டு இருந்தன. ஒரு பெண், ஒரு பையன், இரண்டுமே ஆரம்பப் பள்ளியில் படித்தன. அவர்களுடைய அப்பா பஸ் கண்டக்டர், பெரும்பாலும் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா சின்ன வயது, நல்ல சுபாவம். அந்தப் பிள்ளைகளுக்கும் தெருவின் மற்ற பிள்ளைகளுக்கும் எங்கள் ஷெட்டு ஒரு அதிசயம். சாயங்காலம் என் கணவர் வந்து கதவு ஏறும்போது கூடவே ஓடிவருவார்கள். உடைந்துபோன பீங்கான் கட்டைகளை அவர்களுக்கென்று பையில் கொண்டுவருவார். வைக்கோல் போரில் உட்கார்ந்து அதை வைத்து வீடு கட்டுவார்கள், கடை வைப்பார்கள். நான் பஸ் இறங்கி வரும்போது அவர் காலிப்பரைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, அவர்கள் கடையில் எதையாவது விலை பேசிக்கொண்டிருப்பார்.

இப்படியே சில வருஷம் போயிற்று. பிறகு ஒரு வருஷம் மழை விடாமல் பெய்தது. ஷெட்டுக்குள் ஈரம் ஊறிக் கதவின் ஓரங்கள் துரு ஏறின. மழை முடிந்த பிறகு கதவு பாதியில் நிற்க ஆரம்பித்தது. கொஞ்சம் ஏறும், முனகும், இறங்கிவிடும். நான் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் தூக்கிப் பார்த்தேன். கனத்தது. விட்டதும் கீழே சரிந்தது.

"ஸ்பிரிங்கு தொய்ஞ்சிடுச்சி" என்றார்.

பட்டறைக்காரர் அன்று திட்டக்குடியில் ஏதோ வேலையாகப் போயிருந்தார். மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவர் ஒருவர் வந்தார். பெட்டியின் பின்னால் இருந்த ஒரு திருகை ஸ்குரூ டிரைவரால் நன்றாகத் திருகினார். ரிமோட்டை அமுக்கினால் கதவு முன்னைவிட வேகமாக ஏறியது, இறங்கியது.

"மோட்டாருக்கு வலு ஏத்தி வுட்டுட்டன். இனிமே மலையையே தூக்கும்ண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுக்க அவர் சந்தோஷமாக இருந்தார். மறுநாள் காலையில், மாதக் கணக்குக்கு முன்னாலேயே பலகையை எடுத்துப் போடச் சொன்னார். போட்டேன். கதவு இறங்கிப் பலகை மேல் உட்கார்ந்தது. திரும்பவில்லை. மோட்டார் அழுத்திக்கொண்டே இருந்தது, மேலே தண்டவாளம் வில்லாக வளைந்தது. அவர் பிளக்கைப் பிடுங்கினார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மண் சுமக்கிற மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்து வாசலில் வைக்கச் சொன்னார். அந்தக் கூடை குந்தியிருக்கிற ஒரு சின்னப் பிள்ளையின் உயரம் இருக்கும். கதவு அதன் மேல் இறங்கியது. கூடை அப்பளம் மாதிரி நொறுங்கியது.

அவர் நொறுங்கிய கூடையை ஊன்றுகட்டையால் ஓரமாகத் தள்ளினார். அப்புறம் அந்தத் திருகைப் பழைய இடத்துக்கே திருப்பச் சொன்னார். திருப்பினேன். கதவு மறுபடி பாதியில் நின்றது. பிளக்கைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி ஆணியில் மாட்டச் சொன்னார்.

"புது ஸ்பிரிங்கு வர வரைக்கும் மோட்டாரு வேணாம், டீச்சர்."

"திருக ஏத்தி வச்சிக்கிட்டே நீங்க பாத்துப் போட்டா போதாதா? இது வரைக்கும் ஒண்ணும் ஆவலயே."

"வெளிய போயி வண்டில ஒக்காந்துக்கிட்டுத்தான் பட்டன அமுக்கறன். என்னால பின்னால திரும்பிப் பாக்க முடியுதா? பந்து உள்ள போச்சுன்னா புள்ளைங்க குனிஞ்சி ஓடும்."

"அப்ப அவங்க அம்மாகிட்ட சொல்லுங்க. கொஞ்ச நாளைக்கி இந்தப் பக்கம் வுடாதீங்கன்னு."

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சொன்னா அனுப்ப மாட்டாங்க. அப்பறம் வராமலே பழகிடும்."

கதவைத் தூக்கி முட்டுக் கொடுத்து வைத்துவிடலாமா என்று கேட்டேன். தொய்ந்த ஸ்பிரிங்கோடு முட்டின் மேல் நிற்கிற கதவு அதைவிட மோசம் என்றார். அதுவும் உண்மைதான்.

பட்டறைக்காரர் சென்னைக்குச் சொல்லி ஸ்பிரிங்கு வரவழைத்தார். வந்தது மெலிசான கம்பி. கதவின் பாரத்துக்குப் போதாது. "இப்போதைக்கிப் போட்டுக்கலாம்ண்ணே, அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் பட்டறைக்காரர். என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுபடி அனுப்பி, மறுபடி காத்திருந்தோம்.

அந்த நாட்களில் காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரத்துக்கே அவரும் கிளம்பிவிடுவார். நான் கதவைத் தூக்கிப் பிடித்துக்கொள்வேன், அவர் ஸ்கூட்டரை வெளியே எடுப்பார், நான் இறக்கிப் பூட்டுவேன். யூனிட்டு திறக்க அப்போது இன்னும் நேரம் இருக்கும். பூட்டிய கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார் என்று அவருடைய பங்குதாரர் பின்னால் சொன்னார். சாயங்காலம் பழையபடி ஹாரன். டீக்கடைக்காரர்கள் பழையபடி எழுந்து வந்தார்கள். "மோட்டாரு இன்னாத்துக்கு இருக்குதாம்?" என்று ஒருவர் கேட்டதை அவர் என்னிடம் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பிள்ளைகள் மட்டும் வழக்கம்போல் வந்தார்கள். கதவைத் தூக்கியதும் ஓடி உள்ளே போய் வைக்கோலில் விழுந்தார்கள்.

ஒருநாள் பேட்டையில் கரண்டு நின்றுபோனது. மதியமே அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். நல்ல வெயில். டீக்கடையைச் சாத்திவிட்டுக் கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். தெருவில் ஆள் இல்லை. இவர் ஒரு தடவை ஹாரன் அடித்தாராம். யாரும் வரவில்லை. மறுபடி அடிக்கவில்லை. இறங்கி, பூட்டைத் திறந்து, ஒரு கையில் கட்டையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் கதவைத் தூக்கினார். இடுப்பு வரைக்கும் தூக்கிவிட்டார். அதற்கு மேல் பாரம் தாங்காமல் கதவு இறங்க, ஊன்றியிருந்த கட்டை வழுக்க, இடது பக்கமாக விழுந்தார். கதவு அவர் மேல் படவில்லை. விழுந்ததிலேயே தொடை எலும்பு முறிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் அம்மா வடகம் உலர்த்த மாடிக்கு ஏறியபோதுதான் பார்த்தாள். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. அவரைக் கேட்டால், "கொஞ்ச நேரந்தான்" என்றார்.

பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து சொல்லி, நான் பஸ் பிடித்து வருவதற்குள் அவரைக் கடலூருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அங்கிருந்து புதுச்சேரி. போலியோ வந்த கால் எலும்பு மெலிந்து கிடக்கும், கம்பி போட்டாலும் பிடிமானம் இருக்காது என்று டாக்டர் சொன்னார். கம்பி போட்டார்கள். மாவுக்கட்டோடு வார்டில் படுத்திருந்தபோது நான் கேட்டேன்.

"இன்னொரு தடவ ஹாரன் அடிச்சிருந்தா இன்னா?"

"அடிச்சிருக்கலாம்."

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

அவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "வுடுங்க டீச்சர். வுழுந்தது நாந்தான? வேற யாரும் இல்லல்ல."

எனக்குக் கோபம் வந்தது. வேறு யாராவது விழுந்திருந்தால் நான் இப்படித் தரையில் துணி விரித்துப் படுக்க வேண்டியிருக்காது என்று தோன்றியது. அப்படி நினைத்ததற்காக உடனே அழுதேன். பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரா, என்னைப் பார்க்கக்கூடாது என்று இருக்கிறாரா என்று தெரியவில்லை.

எலும்பு கூடவில்லை. வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஆறேழு பேர் சேர்ந்து, ஷெட்டு வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். யூனிட்டை அவருடைய பங்குதாரரே பார்த்துக்கொண்டார். நான் நீண்ட லீவு போட்டேன்.

சரியான ஸ்பிரிங்குகள் அதற்குப் பிறகுதான் வந்தன. இப்போது எதற்கு என்று எனக்குத் தோன்றியது. அவர் மாட்டியே ஆகவேண்டும் என்றார். கட்டிலை ஷெட்டுக்குள் இழுத்துப் போடச் சொன்னார். பட்டறைக்காரரும் அவருடைய ஆளும் கதவை முழுக்கத் தூக்கி, இரண்டு பக்கமும் சவுக்குக் கம்பு முட்டுக் கொடுத்தார்கள். கதவு மேலே இருக்கும்போதுதான் ஸ்பிரிங்கு தளர்ந்திருக்கும், அப்போதுதான் கை வைக்கலாம்.

"ஒண்ண மட்டும் மாத்தாதீங்க. ரெண்டயும் மாத்துங்க. கயிறு கோத்தாச்சா?" என்று கட்டிலிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார். குரல் மெலிந்துபோயிருந்தது. பட்டறைக்காரர் ஒவ்வொன்றுக்கும் "கோத்தாச்சுண்ணே", "ஆச்சுண்ணே" என்று பதில் சொன்னார். ஒருமுறை முகத்தைத் துடைத்துக்கொள்ள வெளியே போனார்.

முடிந்ததும் என்னைப் பாதி உயரம் தூக்கி விடச் சொன்னார். கதவு அப்படியே நின்றது. மோட்டாரைக் கோத்து, கரண்டு கொடுத்து, பலகையைப் போட்டோம். ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். கதவு இறங்கியது. பலகையில் பட்டதும் திரும்பி மேலே போனது.

"இன்னொரு தடவ" என்றார்.

மறுபடியும் திரும்பிப் போனது. அன்று அவர் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டார்.

அதன் பிறகு கட்டிலை ஷெட்டிலேயே விட்டுவிட்டோம். சாயங்காலங்களில் பிள்ளைகள் வருகிற நேரம் பார்த்துக் கட்டிலில் இருந்தபடியே கதவைத் திறந்து வைப்பார். முதலில் வந்தார்கள். ஆனால் நோயாளி படுத்திருக்கிற இடம், மருந்து வாசனை. காலில் கட்டு. பிள்ளைகளுக்குப் பயம் வந்துவிட்டது. பையன் வருவதை நிறுத்தினான். பெண் மட்டும் வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "மாமா, நல்லா ஆயிடுச்சா?" என்று கேட்பாள். "நாளைக்கி ஆயிடும்" என்பார். கொஞ்ச நாளில் அவளும் வரவில்லை. அவர் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்.

படுக்கைப்புண் வந்தது. பிறகு நெஞ்சில் சளி கட்டியது. அடுத்த மழைக்காலத்தில், விடிந்து நான் பால் வாங்கிவந்து பார்த்தபோது மூச்சு இல்லை.

தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். கருமாதி முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் மற்ற ஊர்களுக்கும் பஸ் ஏறிப் போன பிறகு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் அம்மா மட்டும் பாத்திரம் தேய்த்துக் கொடுக்க வந்தாள். கிணற்றடியில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். குண்டானைத் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"டீச்சர், கேக்கறனேன்னு தப்பா நெனைக்காதீங்க. அந்த மோட்டார அண்ணன் எதுக்கு நிறுத்துனாரு? அது ஓடிக்கிட்டிருந்தா அன்னிக்கி வுழுந்திருக்கவே மாட்டாரே."

தெருவில் எல்லோரும் இதைப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நேரே கேட்டவள் அவள் ஒருத்திதான். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பொய் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. கூடை நொறுங்கியதைச் சொன்னேன். பிள்ளைகள் குனிந்து ஓடுவார்கள் என்று அவர் பயந்ததைச் சொன்னேன்.

அவள் கையிலிருந்த குண்டானை அப்படியே கீழே வைத்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாமே."

"சொன்னா நீ அனுப்ப மாட்டன்னு நெனச்சாரு."

"அனுப்பிருக்க மாட்டன்தான்" என்றாள். பிறகு, "கொஞ்ச நாளுக்குத்தான டீச்சர்? கதவு சரியான பொறவு அனுப்பிருப்பன். வராம எங்க போயிடப் போவுதுங்க?"

அவள் சொன்னது அத்தனையும் நியாயம். நானும் அதையேதான் அவரிடம் சொல்லியிருந்தேன். யூனிட்டிலிருந்து அவர் வருவதற்கும், கம்மாபுரம் பஸ்ஸிலிருந்து நான் இறங்குவதற்கும் நடுவே ஒரு நேரம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்தை அவர் தனியாகக் கழித்திருக்கிறார். பிறகு அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். சில வாரம்கூட அதை விட அவருக்கு மனம் வரவில்லை என்பதை நான் கேட்டிருந்தும் காதில் வாங்கவில்லை.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத" என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் அவளுடைய குண்டானை எடுத்து என் பக்கம் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். அவள் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, தண்ணீர் இறைத்து ஊற்றினாள். மழை வரும்போல் இருந்தது. மீதியிருந்த பாத்திரங்களை இரண்டு பேருமாக அலசிக் கவிழ்த்துவிட்டு, கயிற்றில் கிடந்த துணிகளை எடுக்கப் போனோம்.